அத்தனையும் வெறுங்கால்

மழையில் நனையக் கூடாதென்று, சங்கத் தலைவர் ஜெயரூபனின் வான் வண்டி மண்டபத்தின் பக்கவாசலை ஒட்டி நின்றது. இறங்கிய வேகத்தில் உள்ளே நுழைந்தார். எதிரே நடுவாசலை மறைத்துக் கட்டிய பேனரில் இன்னொரு ஜெயரூபன் ஆளுயரத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். போட்டோவுக்கு அதுதான் நல்ல இடம் என்று அவரே சொல்லிவிட்டிருந்தார்.

தரையில் உட்கார்ந்திருந்த தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்ததும் அவர் முகம் கோணியது.

"போன வருசம் குடுத்த சப்பாத்து எங்க? ஒருத்தன் காலுலயும் காணோமே!"

பிள்ளைகள் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

"வித்துக் குடிச்சிட்டீங்களா? பதுளையில கடை கடையா ஏறி எறங்கிச் சேர்த்தது. எவ்வளவு செஞ்சாலும் இந்தச் சனம் திருந்தாது. துஷாந்த், குடுக்கக் கொண்டாந்த புத்தகப் பைய எல்லாம் திரும்ப வான்ல ஏத்து. பேனரையும் கழட்டு!"

சங்கச் செயலாளர் துஷாந்த் தயங்கியபடி பேனர் கயிற்றை அவிழ்க்கப் போனார்.

பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்த நிரஞ்சலா மகளை அணைத்தபடி எழுந்தாள்.

"சப்பாத்து எல்லாம் முன்வாசல்ல இருக்குங்க ஐயா. நீங்க வர்றீங்கன்னு வெள்ளை பூசி, பிள்ளைங்க போட்டுக்கிட்டுத்தான் வந்துச்சுங்க."

"அப்புறம் அங்க எதுக்குக் கழட்டிப் போட்டீங்க? உள்ள போட்டுக்கிட்டு வந்தா கால் தேஞ்சிடுமா?"

நிரஞ்சலா அவர் காலைப் பார்த்தாள். பிள்ளைகளும் பார்த்தார்கள்.

பேனர் சரிந்து விழுந்தது. பின்னால், விளக்கு வெளிச்சத்தில் மாரியம்மன் இருந்தாள்.

அவள் சன்னதியில் சப்பாத்துக் காலோடு நின்றது ஜெயரூபன் ஒருவர்தான்.