நீலக்கோட்டுச் சட்டை

தெக்லாவுக்கு எந்த ஆசையும் பக்கத்து வீட்டு ரெஜினாவைப் பார்த்துத்தான் வரும். ரெஜினா டிரான்சிஸ்டர் வாங்கினால் இவளுக்கும் டிரான்சிஸ்டர். அங்கே கொழும்பு சோப்பு மணந்தால் இங்கேயும் மணந்தாக வேண்டும். கல்யாணமாகாமல், நாற்பது வயதில் தனியாக இருக்கிறவள் வேறு யாரைப் பார்த்து ஆசைப்படுவாள்?

எழுபத்து நாலில் ஒரு திங்கட்கிழமை, ரெஜினாவின் கொடியில் நீலக்கோடு போட்ட ஆண்சட்டை ஒன்று கடற்காற்றில் கைவீசிக்கொண்டிருந்தது. கப்பலுக்குப் போன புருஷன் வந்துவிட்டான்போல. மறுநாள் காலையில் தெக்லா கடைத்தெருவுக்குப் போய் அதேபோல் ஒன்று வாங்கி, நனைத்துத் தன் கொடியில் போட்டாள். துறைமுகத்தில் சாயங்காலச் சங்கு ஊதியதும் மதில்மேல் எட்டிக் கேட்டாள்.

"ஏளா, ஒன் வீட்டுக்காரர் எப்ப வந்தாவ?"

"அவிய எங்க வந்தாவ, அக்கா? போயி மூணு வருசமாச்சு. போன வாரம் பூரா ஒங்க கொடியில கெடந்த சட்டையப் பாத்துத்தான், நமக்கும் ஒண்ணு கெடந்தா என்னன்னு வாங்கிப் போட்டேன்."

போன வாரம் தெக்லாவின் கொடியில் அவளுடைய சேலைகள் மட்டும்தான் கிடந்தன. சட்டையை எடுத்துப் பார்த்தாள். காலையில் வாங்கியது, யாரும் போடாதது. காலரின் உள்பக்கம் வியர்வைக் கறை பழுப்பாய்ப் படிந்திருந்தது.

கிணற்றடிக்குப் போய், காலருக்கு மட்டும் சோப்புப் போட்டுக் கசக்கி, மறுபடியும் காயப்போட்டாள்.