பெரிய டீச்சரின் மேசை

"விசர், பைத்தியம் பாக்கிற படிப்புக்கு நான் கையெழுத்து வைக்கமாட்டன். எடுத்துக்கிட்டுப் போ!"

கல்முனைப் பெண்கள் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை, பெரிய டீச்சர் லைலா, விண்ணப்பப் படிவத்தைத் திருப்பித் தள்ளினார். அது மேசையில் வழுக்கிக்கொண்டு வந்து, விளிம்பில் கிடந்த பிரம்பில் முட்டி நின்றது.

பிரம்பைப் பார்த்ததும் கணக்கு டீச்சர் ஸுல்பிகாவுக்கு இரத்தம் கொதித்தது. காலையில் ஆறாம் வகுப்பு ஜெஸீமாவின் உள்ளங்கையில் நாலு தரம் இறங்கிய பிரம்பு அது.

"விசர் பாக்கிறதில்ல டீச்சர். பயந்துபோன புள்ளைகள், வாய் திறந்து கதைக்காத புள்ளைகள், அதுகளோட இருந்து கதைச்சு மனசத் தேத்தி எடுக்கிற படிப்பு. கொழும்பில ஒரு வருஷம். முடிச்சிட்டு வந்தா பள்ளிக்கூடத்தில எனக்கு அதுதான் வேல."

"அப்ப கணக்கு யாரு படிப்பிக்கிற? கல்முனைக்கு ஒரு கணக்கு டீச்சர் கிடைக்க நான் எத்தின வருஷம் கந்தோர் கந்தோரா ஏறி இறங்கினன் தெரியுமா?"

நியாயமான கேள்விதான். ஸுல்பிகாவே இரண்டு வாரமாக அந்தப் படிவத்தை நிரப்பாமல் அலுமாரிக்குள் வைத்திருந்தாள். கணக்குப் பாடம் ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அவள் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. போகவா, விடவா என்று நாள் போய்க்கொண்டே இருந்தது. இன்று கடைசி நாள். காலையில் அந்த நாலு அடியைப் பார்த்த கோபத்தில்தான் ஒரே மூச்சில் நிரப்பிக்கொண்டு வந்திருந்தாள்.

"ஜெஸீமா என்ன குத்தம் செஞ்சிது டீச்சர்? காத்துக் கொஞ்சம் பலமா அடிச்சிது, தகரம் தடதடத்திது, புள்ள மேசைக்கடியில பூந்திட்டு. அதுக்கு அடிக்கிறதா?"

"சூறாவளி வந்து போய் ஒரு வருஷமாகப் போகுது. இன்னும் என்ன பயம்? ஒண்ட உட்டா வகுப்பில இரிக்கிற நாப்பதும் மேசைக்கடியில பூந்திரும். அது நடிப்பு, ஸுல்பிகா. பாடத்துக்குத் தப்புற நடிப்பு."

"தென்னமரம் விழுந்து முறிஞ்ச வூட்டுக்குள்ள, ராவு முழுக்கக் கட்டிலுக்கடியில கிடந்து தப்பின புள்ள டீச்சர் அது!"

"அண்டைக்கு ஊரே கட்டிலுக்கடியிலதான் கிடந்திச்சு. நானும் கிடந்தன். நீயும் கிடந்திருப்ப. பொறகு எழும்பி வேலயப் பாக்கல்லியா? பயமெண்டா பள்ளிவாசல் லெவ்வைக்கிட்டத் தண்ணி ஓதிக் குடுக்கச் சொல்லு. அதுக்கும் போகாட்டி பிரம்பு இரிக்கி."

"அது நடிப்பில்ல டீச்சர்."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

ஸுல்பிகா கூரையை ஒருதரம் அண்ணாந்து பார்த்தாள். பிறகு படிவத்தை மீண்டும் பெரிய டீச்சர் பக்கம் நகர்த்தினாள்.

"சொல்லன். இன்னும் படிக்கவே போகல்ல, அதுக்குள்ள புள்ளைட மனசுக்குள்ள பூந்து பாத்திட்டியா?"

பெரிய டீச்சர் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் ஸுல்பிகாவால் தாங்க முடியவில்லை. குரல் தானாக உயர்ந்தது.

"புள்ளைட கைய ஒருக்காப் பாத்தீங்களா? பென்சில் புடிக்க ஏலாம அழுகுது. பயந்ததுக்கு அடிச்சா பயம் போகுமா? நாளைக்கும் காத்து அடிக்கும், நாளைக்கும் அடிப்பீங்களா? உங்களுக்கெல்லாம் மனசெண்டு ஒண்டு இரிக்கா?"

பெரிய டீச்சரின் முகம் கறுத்தது. நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். கதவைக் காட்டி விரலை நீட்டினார்.

அந்த நேரம் பார்த்துக் கடல் பக்கமிருந்து காற்று எழும்பியது. முதலில் தென்னோலைகள் சரசரத்தன. பிறகு, போன வருடம் ஓடு பறந்துபோன இடத்தில் அடித்திருந்த தகரம் ஒரு மூலையில் கிளம்பித் தடதடவென்று அடித்தது.

அடுத்த கணம் ஸுல்பிகா பெரிய டீச்சரின் மேசைக்கு அடியில் கிடந்தாள்.

எப்படி உள்ளே வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. இந்த ஒரு வருடமாகக் காற்றடிக்கும்போதெல்லாம் தெரிவதே இல்லை. காதுகளைப் பொத்திக்கொண்டு, கண்களை இறுக மூடிக்கொண்டு கிடந்தாள். எல்லாம் முடிந்தது. காற்றுக்குப் பயந்து பதுங்குகிறவள் பிள்ளைகளின் பயத்தைத் தெளிவிக்கப் போகிறாளாம்! இனி எந்த முகத்தோடு கையெழுத்துக் கேட்பது?

வெட்கத்தோடு மெல்லக் கண்ணைத் திறந்தாள். அவளுக்குக் கீழே இருந்தது வெறும் சீமெந்துத் தரை அல்ல. ஒரு பன்பாய் விரித்திருந்தது. நாள்பட்ட பாவனையில் நடுவில் தேய்ந்துபோன பாய். அதன் தலைமாட்டில் ஒரு சின்னத் தலையணை, ஒரு டோர்ச் லைட், ஓதுவதற்கு ஒரு தஸ்பீஹ் மணிமாலை.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்ப அந்த நாலு அடி?" என்று கத்துவதற்கு வாயெடுத்தாள்.

அதற்குள் முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டபடி, முழங்கால்களில் தவழ்ந்து பெரிய டீச்சர் உள்ளே வந்தார். ஒரு கையில் கசங்கிய படிவமும் பேனையும் இருந்தன.

"கொஞ்சம் தள்ளிக் குந்து புள்ள, அது எண்ட இடம்," என்றார் அவர், பல் கிடுகிடுக்க. "எங்க கையெழுத்து வைக்கிறெண்டு அந்த டோர்ச்ச அடிச்சுக் காட்டு."