ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

“போன வருஷத் தடுப்பு மருந்து அட்டை தொலைஞ்சு போச்சும்மா. திரும்ப டைபாய்டு தடுப்புக் குளிகை குடுங்க.”

கப்பல் சமையல்காரர் கிரிசாந்தோ தொப்பியைக் கசக்கியபடி நின்றார்.

பூரிங் நர்ஸ் நிமிர்ந்தாள். அவளிடம் பொய் செல்லாது என்பது இலோயிலோ துறைமுகத்துக்கே தெரியும். அவள் பார்த்த பார்வையில் ஒரு கேப்டன், யாரும் கேட்காத இரண்டாவது சம்சாரத்தைப் பற்றியும் சொல்லி அழுதாராம்.

“அண்ணே, அட்டை சட்டைப் பையிலேர்ந்து எட்டிப் பாக்குது.”

கிரிசாந்தோ அதை உள்ளே தள்ளினார்.

“ஒரு தடவை சாப்பிட்டா வருஷக்கணக்கா தாங்கும். மறுபடி வாங்கி யாருக்கு விக்கறீங்க?”

“ஐயோ, விக்கலம்மா! மலேரியா மாத்திரைக்காகத்தான்.”

“அதான் தனியா தர்றேனே, தினம் ஒண்ணு.”

“அது வேண்டாம். டைபாய்டு குளிகைக்குள்ள உயிரோட இருக்கற கிருமிய அந்தத் தின மாத்திரை கொன்னுடும்னு நீங்கதானே சொன்னீங்க? அதனால அதுக்குப் பதிலா வாரம் ஒண்ணு போடற மலேரியா மாத்திரை, அந்தக் கனவு மாத்திரையக் குடுத்தீங்க. டைபாய்டு குளிகைய வாங்கினா அதுவும் கிடைக்குமேன்னு...”

“கெட்ட கனவு வருதுன்னு அவனவன் அதைக் கண்டு ஓடறான்!”

“எனக்கு நெனிங் வந்தா.”

நெனிங் அவர் மனைவி. போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம்.

“ஞாயித்துக்கிழமை மாத்திரை போட்டுப் படுத்தா, கப்பல் மெத்துனு மேகத்து மேல போகும். அடுப்பு மேடையில உக்காந்து, ‘சூப்புல உப்பு எங்கய்யா?’ன்னு திட்டுவா. ஒரு நாள் தண்ணி மேல நடந்துகிட்டே ‘வாய்யா’ன்னா. நானும் தூக்கத்துலயே எழுந்து போய், கப்பல் ஓரக் கம்பியத் தாண்டி ஒரு கால வெச்சுட்டேன். கப்பல் பசங்க இழுத்துப் போட்டாங்க.” சிரித்தார்.

பூரிங்கின் பேனா நின்றது.

“அண்ணே, போன வருஷம் கனவு மாத்திரை ஸ்டாக்கே இல்ல. உங்களுக்குக் குடுத்தது வேற. அதுல கனவே வராது.”

“அப்ப... நெனிங்?”

“தானாத்தான் வந்திருக்காங்க. இந்தத் தின மாத்திரைக்கும் வருவாங்க. தண்ணியில நடக்க வேண்டாம், அடுப்பு மேடையிலயே உக்காருன்னு சொல்லிடுங்க.”

கிரிசாந்தோ தின மாத்திரைகளை வாங்கிக்கொண்டு, கால் தரையில் படாமல் மிதந்தே போனார்.

பூரிங் பழைய பதிவேட்டைப் புரட்டினாள். ‘கிரிசாந்தோ: கனவு மாத்திரை, வாரம் ஒன்று.’ அவள் கையெழுத்துதான். பக்கத்தில் சிவப்பு மையால் ‘இனி இவருக்குக் கூடவே கூடாது’ என்று எழுதி மூடினாள்.

அடுத்து வந்தவனை முறைத்தாள்.

“இங்க பாரு, எங்கிட்ட மட்டும் பொய் சொல்லாதே. எனக்குப் பொய்யே பிடிக்காது!”