ஏஞ்சல் மீன் ஜோடி

இந்த முறையும் முட்டைகள் வெளுத்துவிட்டன, குஞ்சு வராது. இன்னொரு தடவை இப்படியானால் தொட்டியைத் தூக்கிக் கொடுத்துவிடுவதாக ஜெயம்மா சொல்லியிருந்தாள். அவள் புருஷன் ஆதிகேசவன் நாலு யுகமாகத் தூங்காதவர்போல் குந்தியிருக்கிறார். திருத்தணி மலையில் காய்கிற வெயிலெல்லாம் அவர் முதுகில்தான். ஆண் என்று நம்பி வளர்த்த ஏஞ்சல் மீனை ஈர உள்ளங்கையில் மல்லாத்தி, அடிவயிற்றுக் குழாயைப் பார்க்கிறார். ஆணுக்குக் கூராக இருக்கும். இது மழுங்கியிருக்கிறது. "ரெண்டுமே பொம்பளை," என்கிறார். "அதான் ஒரு சண்டைகூட இல்லாம குடும்பம் நடத்திகினு இருந்துச்சுங்க," என்கிறாள் ஜெயம்மா. பக்கத்து வீட்டுக்காரன் நான் சிரிக்கிற சிரிப்பில் பொதட்டூர்பேட்டைத் தறிகளே நின்றிருக்கும். அவர் சிரிக்காமல் மீனைத் தொட்டியில் விடுகிறார். அது நேராகப் போய்ச் செத்த முட்டைகளுக்குத் துடுப்பால் விசிறுகிறது. ஜெயம்மா கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே நிற்கிறாள். "தொட்டி கிடக்கட்டும். ஒரு ஆம்பளையாப் பாத்து எடுத்துகினு வாங்க."