சிவப்பு வட்டம் வரை

பெரியநாயக்கன்பாளையத்தில் பகல் பதினோரு மணி வெயில், சாப்பாட்டு மேஜையில் விரித்திருக்கும் வரைபடத்தின் மேல் விழுகிறது. பக்கத்துப் பட்டறையில் இரும்பு தேய்க்கும் சத்தம் எழுந்து எழுந்து அடங்குகிறது. கோவிந்தராஜுலு இழுத்த சிவப்புக் கோடு மணாலியில் கிளம்பி, கணவாய் கணவாயாக ஏறி, லடாக் எல்லையோரம் ஒரு சிறு வட்டத்தில் நிற்கிறது. சாலை போடப் போன மகன் அபிலாஷ் மூன்று வருஷத்துக்கு முன் அங்கேதான் மண்சரிவில் புதைந்தான், உடல் கிடைக்கவில்லை. எங்கே தங்குவது, எங்கே டீசல் போடுவது என்று ஒரு வருஷமாக எழுதி வைத்திருக்கிறார். இன்று காலையில் டாக்டர், அவ்வளவு உயரம் அவர் இதயத்துக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார். வரைபடத்தை மடிக்கப் பார்க்கிறார். மடிப்பு நேராக வரவில்லை. ஒருநாளும் அதன் பக்கம் வராத மனைவி ரங்கம்மாள், ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி வந்து எதிரே உட்காருகிறாள்.

“மடிக்காதீங்க. நான் போறேனுங்க. நம்ம மக ஹரிதா வண்டி ஓட்டுவா.”

“ஊட்டி ஏறுனாலே உனக்குத் தலை சுத்துமே, அம்மணி.”

“சுத்தட்டுமுங்க. எந்த எடத்துல எறங்கோணும்னு சொல்லுங்க.”

அவர் விரல் வட்டத்தைத் தொடுகிறது. அவளும் தன் விரலை அதை ஒட்டி வைக்கிறாள்.

“ஒரு பிடி மண்ணு எடுத்துட்டு வரட்டுங்களா?”

அவர் வரைபடத்தின் கோணல் மடிப்பை நீவி விடுகிறார்.

“வேண்டாம். அவன் எந்த மண்ணுல கெடக்கறான்னு நமக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் உக்காந்து பேசிட்டு வா. அப்பனால வர முடியலைன்னு சொல்லிப்போடு.”