நாற்பது சதவீதம்

“நூறு இலையில நாற்பது இலையைப் புழு ஓட்டை போடும்னு மூணு மாசத்துக்கு முன்னாடியே எழுதிக் குடுத்தீங்க. நேத்து நானே காட்டுக்குப் போய் எண்ணிப் பார்த்தேன். அச்சு அசலா நாற்பது!” என்று மேலதிகாரி வனத்துறையின் பூச்சிக் கணிப்பாளரின் முதுகில் தட்டினார். “ஓட்டையெல்லாம் அளவெடுத்த மாதிரி வட்டமா இருக்கு. இவ்வளவு ஒழுக்கமான புழுவை என் சர்வீஸ்ல பார்த்ததில்லை.”

“எல்லாம் வீட்டுல குடுக்கிற ஒத்துழைப்பு சார்” என்று கணிப்பாளர் நெளிந்தார். போன வருடம் கணிப்பு பொய்த்து, வேலை மயிரிழையில் தப்பியது அவருக்குத்தானே தெரியும்!

“அடக்கம் வேறயா? அடுத்த வருஷம் பன்னிரண்டு காட்டுக்கும் நீங்கதான் கணிக்கிறீங்க. பதவி உயர்வு ஆர்டர் நாளைக்கு வரும்.”

மாலையில் கணிப்பாளர் துள்ளிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார். மனைவி, மாமியார், மச்சான் மூவரும் வரிசையாக உட்கார்ந்து, வீங்கிய விரல்களை வெந்நீரில் நனைத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இரண்டு ஏணிகள். அவற்றின் அடியில், காகிதத்தில் ஓட்டை போடும் ஆபீஸ் பஞ்சிங் மெஷின்கள் மூன்று.

விஷயத்தைச் சொன்னதும், “பன்னிரண்டு காடா!” என்று மச்சான் சுவரில் சாய்ந்தான்.

“ஏன் மாப்பிள்ளை, புழுதான் வர்றதே இல்லையே, வராதுன்னே எழுதிட்டா என்ன?” என்றார் மாமியார்.

“அப்படி எழுதினா, புழுவே இல்லாத காட்டுக்குக் கணிப்பாளர் எதுக்குன்னு வேலை போயிடும் அத்தை.”

மனைவி விரலை ஊதிக்கொண்டே சொன்னாள்: “எழுதுறதுதான் எழுதுறீங்க, அடுத்த தடவையாவது ஒரு சதவீதம்னு எழுதித் தொலைங்க!”