ஓடின மாஸ்டர்

அன்று காலை கம்பெனி கேன்டீன் சமையலறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். அடுப்படியில் மாஸ்டர். அவருக்குக் கையாளாக, அவர் மனைவியின் தம்பி. காய் நறுக்கும் அம்மாள். பாத்திரம் தேய்க்கும் பெரியவர். ருசி பார்க்கிற சாக்கில் வந்து நின்ற மேனேஜர்.

அடுப்புக்குப் போகிற கேஸ் குழாய் திடீரென்று 'புஸ்'ஸென்று சீறியது. அடுத்த நொடி ஆள் உயரத்துக்குத் தீ!

மாஸ்டர் கரண்டியைப் போட்டார். பின்கதவைத் திறந்தார். ஓடியே போய்விட்டார்.

"மாமா! எங்க ஓடறீங்க?" என்று கத்தினான் மச்சினன்.



மச்சினன் ஒரு சாக்கைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கித் தீயின்மேல் வீசினான். அடங்கவில்லை. இன்னொரு சாக்கு. தீ கொஞ்சம் தணிந்ததும் கையை நீட்டி சிலிண்டர் வால்வை இறுக்கித் திருகினான்.

தீ பொசுக்கென்று போயிற்று.

"அடேயப்பா! சிங்கக்குட்டிடா நீ!" என்று கைதட்டினாள் காய் நறுக்கும் அம்மாள்.

மாவு மூட்டைக்குப் பின்னாலிருந்து மேனேஜர் எழுந்து வந்தார்.

"பேருதான் பெரிய மாஸ்டர்! தீயைக் கண்டதும் வாலைச் சுருட்டிக்கிட்டு ஓடறான். தம்பி, இனிமே நீதான் இங்க மாஸ்டர். அந்தாளுக்கு இன்னியோட சீட்டு கிழிஞ்சுது."

மச்சினனுக்குத் தலைகால் புரியவில்லை. மாஸ்டர்! அவன் மாஸ்டர்! ஆனால் உடனே கூடப் பிறந்தவளின் முகமும் ஞாபகத்துக்கு வந்தது. மாமாவுக்கு வேலை போனால் அவள் வீட்டில் உலை கொதிப்பது எப்படி?

கொஞ்ச நேரத்தில் மாஸ்டரே திரும்பி வந்தார். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. ஒரு காலில் செருப்பைக் காணோம். சட்டையின் முன்பக்கம் தொப்பலாக நனைந்திருந்தது.

"வாங்க மாமா! ஊர் எல்லையைத் தொட்டுட்டு வந்துட்டீங்களா?"

"அணைச்சுட்டியாடா? நல்லா இருப்பே! பால் இருக்கா? நாலு லிட்டர் வேணும், சீக்கிரம்."

"ஓடின களைப்புக்கு நாலு லிட்டரா!"

பாத்திரம் தேய்க்கும் பெரியவர் கிட்டே போய் மூக்கைச் சுளித்தார். "ஏன் மாஸ்டரே, இது வேர்வை வாசனை மாதிரி இல்லையே!"

எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள்.

மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. "உனக்கு வெக்கமா இல்லையாய்யா? பயந்தாங்கொள்ளி!"

"பயம்தான் சார், இல்லேன்னு சொல்லலை. எனக்கு இது மூணாவது தீ. முதல் தீயில கால் தரையோட ஒட்டிக்கிச்சு. ரெண்டாவதுல கண்ணை மூடிக்கிட்டு ரோட்டுக்கு ஓடினேன்."

"இப்பவும் அதைத்தானே பண்ணினே?"

"இப்பவும் கால் 'ஓடு ஓடு'ன்னுதான் சொல்லுச்சு சார். சரி, ஓடறதுதான் ஓடறே, எந்தப் பக்கம்னு நான் சொல்றேன்னேன்."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

"உளறாதே. கணக்கை முடிச்சுக்கிட்டுக் கிளம்பு" என்றார் மேனேஜர்.

அப்போது பின்கதவு வழியாக ஆயா வந்தாள். சமையலறையின் பின்சுவரை ஒட்டினாற்போலத்தான் குழந்தைகள் காப்பகம். கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள் பிள்ளைகளை அங்கேதான் விட்டுவிட்டு வருவார்கள். ஆயாவின் இடுப்பில் ஒரு குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. மச்சினனின் ஆறு மாதப் பெண். காலையில் அவனே தொட்டிலில் போட்டுவிட்டு வந்த பெண்.

"இந்தாப்பா, பிடி உன் பொண்ணை! சுவரோரத் தொட்டில்னு இவளைத்தான் மாஸ்டர் முதல்ல தூக்கினாரு. தூக்கின கையோட அவரைக் குளிப்பாட்டிட்டா!"

மச்சினன் குழந்தையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டான்.

மேனேஜர் சுவரைப் பார்த்தார். தீ நக்கின கரி, கூரை வரைக்கும் ஏறியிருந்தது.

ஆயா மாஸ்டர் பக்கம் திரும்பினாள்.

"பாலுக்கு அழறதுங்க மாஸ்டர், சீக்கிரம் கொண்டாங்க. பத்துப் பிள்ளைங்க மரத்தடியில வாட்ச்மேன்கிட்ட இருக்கு, பதினொண்ணாவது இவ. ரெண்டு தடவை எண்ணிட்டேன். உள்ளே மிச்சம் ஒருத்தருமில்ல!"